பச்சைத் தொட்டியும் அப்பச்சோடாத் தட்டுப்பாடும்

பெல்மதுளையில் ஒரு கல்யாணப் பந்தி. ரசம் வரத் தாமதமானதால் பக்கத்து இலையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க என்னா வேல பாத்து ரிட்டயர் ஆனீங்கம்மா?"

"பாசி வளர்த்தேங்க."

"பாசின்னா, குளிக்கிற பீலிக்கரையில கால வழுக்கி விடுமே, அதா?"

"அதே சாதிதாங்க. கொஞ்சம் நல்ல குடும்பத்துப் பாசி."

"அத நாங்க தேய்ச்சுக் கழுவித் தள்ளுறோம். நீங்க வளர்த்தீங்களா? அதுக்குச் சம்பளம் வேறயா?"

ரசம் வந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். மீதிப்பேர் என் கையை முகர்ந்து பார்ப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பாசி யூனிட்டில் திறந்த தொட்டிகளை எடுத்துவிட்டு வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களைப் பூட்டியிருக்கிறார்கள். பாசி உள்ளுக்குள்ளேயே சுற்றி ஓடுகிறதாம். வெயில், காரம், சூடு எல்லாவற்றையும் ஒரு பெட்டி தானாகவே அளந்து சொல்கிறதாம். அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகள், தொட்டிக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் வாயை மூட எனக்கு வராது. அவர்களுக்கு வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் தோட்டம் ருவான்வெல்லைக்கு மேலே, ரப்பர்த் தோட்டம். நான் பால் வெட்டப் போனேன், பிறகு ஸ்டோரில், அதாவது ரப்பர் தொழிற்சாலையில், பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் இடத்தில் வேலை செய்தேன். பாலை அப்படியே லொறியில் ஏற்றி அனுப்பத் தொடங்கியதும் ஸ்டோருக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா கிடந்த கட்டடத்தில்தான் கம்பெனி பாசி யூனிட்டைத் தொடங்கியது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார். சுருளாகச் சுருண்ட பச்சை நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. "இது உயிர்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம். கற்றுக்கொண்டதெல்லாம் நிலூகா மிஸ்ஸிடம்தான்.

நிலூகா மிஸ் யூனிட்டுக்குப் பொறுப்பானவர். கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெண், படித்தது விஞ்ஞானம், தமிழ் எங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், கேட்டுக் கற்றது. அதனால் எங்களைப் போலவே பேசுவார், இடையிடையே 'ஐயோ'வுக்குப் பதில் சிங்கள "அனே" மட்டும் வரும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு ஒரு கேள்வி உண்டு. காலையில் யாராவது ஓடிப்போய், "மிஸ், தொட்டி கெட்டுப் போச்சு" என்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பாத்தீங்க?" என்பார்.

"கெட்டுப் போச்சு மிஸ்."

"அது நீங்க நெனச்சது. என்ன பாத்தீங்க?"

நுரை என்ன நிறம், ஓரத்தில் நின்றதா நடுவில் நின்றதா, கையில் எடுத்தால் நூலாக இழுத்ததா, என்ன வாசனை, இதையெல்லாம் சொன்ன பிறகுதான் எழுந்து வருவார். ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரமாக வரும். வீடு பற்றி எரிகிறது என்றாலும் இந்த அம்மா நெருப்பு என்ன நிறம் என்று கேட்பார் போலிருக்கிறதே என்று முணுமுணுப்பேன். பிறகு அதுவே எனக்குத் தொற்றிக்கொண்டது. இன்றைக்கும் வீட்டில் யாராவது கறி நன்றாக இல்லை என்றால், உப்பா, புளியா, வேகாததா, சரியாகச் சொல் என்று பிடித்துக்கொள்வேன்.

வேலை இப்படி. காலையில் முதலில் தொட்டியைக் கலக்க வேண்டும். பிறகு ஒரு குச்சியின் நுனியில் ஆணி அடித்த வெள்ளைப் பீங்கான் சாசரைத் தண்ணீருக்குள் இறக்குவோம். சாசர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் பாசி இன்னும் கட்டவில்லை. கொஞ்சம் இறக்கியதுமே பச்சைக்குள் மறைந்துவிட்டால் அறுவடைக்கு ஆகிவிட்டது. காரம் பார்க்கும் தாளை நனைத்தால் கடும் நீலம் வர வேண்டும். இந்தப் பாசிக்குச் சோடாவும் உப்பும் கரைத்த காரத் தண்ணீர்தான் பிடிக்கும். அதில் மற்றப் பாசியும் பூச்சியும் அவ்வளவாகப் பிழைக்காது, இது மட்டும் சந்தோஷமாக இருக்கும். மிகவும் மெல்லிய துணியில் ஊற்றி வடித்தால், மேலே களி மாதிரிப் பச்சையாகத் தங்கும். அதைப் பிழிந்து, இடியப்ப உரலில் போட்டுத் தட்டில் பிழிந்து காய வைப்போம். ஆமாம், இடியப்ப உரல்தான். கம்பெனி வாங்கித் தந்த இயந்திரம் அடைத்துக்கொண்டே இருந்ததால் மிஸ் பஜாரில் உரல்களை வாங்கி வந்தார். முதல் நாள் பச்சை இடியப்பத் தட்டுகளைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருத்தி சம்பல் எங்கே என்று கேட்டாள்.

காய்ந்ததை அரைத்தால் தூள். அதில் சவர்க்காரம், பிஸ்கட்டுக்குப் போடும் மா, மீன் தீனி, ஐசிங் செய்கிறவர்களுக்கு நீல நிறம் என்று என்னவெல்லாமோ செய்தோம். சவர்க்காரத்தில்தான் முதலில் மூக்கு உடைபட்டது. மரகதம் மாதிரிப் பச்சையாகச் செய்து பஜாரில் சலீம் நானாவின் கடைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தோம். வெயில் பட்டு மண் நிறத்துக்கு மாறிவிட்டது. அடுத்த முறை போனபோது நானா ஒன்றை எடுத்து நீட்டி, "இதக் குளிக்கவா, தேத்தண்ணிக்குக் கடிக்கவா? கருப்பட்டின்னு நெனச்சு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கடதாசி சுற்றி விற்கத் தொடங்கினோம்.

இனி அந்த மழை மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து மழையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முறை விடவே இல்லை. வெயில் இல்லாமல் பாசி மெலிந்தது. கூரைத் தகட்டின் சந்துகளில் ஒழுகித் தொட்டித் தண்ணீரும் நீர்த்தது. சாசர் அடிவரைக்கும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. கொழும்பில் பெரிய கடைகள் வைத்திருப்பவர்கள் அடுத்த கிழமை வருகிறார்களாம். உயிரோடு வளர்கிற பாசியைத் தங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் சவர்க்காரத்துக்கு ஓடர் கொடுப்பார்களாம். ஓடர் கிடைக்காவிட்டால் யூனிட்டை மூடிவிட்டு எல்லோரையும் பால் வெட்ட அனுப்புவதாக முடிவாகிவிட்டது.

மற்றவர்களுக்கு அது கஷ்டம். எனக்கு அது முடிவு. ரப்பர் மலையில் பால் வாளியோடு விழுந்து என் இடது முழங்கால் போனது போனதுதான். சமதரையில் நடப்பேன், சரிவில் ஏற மாட்டேன். பால் வெட்ட முடியாத ஒருத்திக்குத் தோட்டத்தில் அன்றன்றைய வேலைக் கணக்கில் பெயர் விழாது, சம்பளமும் இல்லை. வீட்டில் உழைக்கிற ஆள் நான் ஒருத்தி.

மிஸ்ஸும் சும்மா இருக்கவில்லை. அறையில் கண்ணாடிப் போத்தல்களில் சுத்தமான பாசியைத் தனியாக வளர்ப்பார். தாய்ப் போத்தல் என்போம், தொட்டிக்கு வித்து அதுதான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றினார். வைத்துக்கொண்ட அந்த ஒன்றும் இரண்டாம் நாள் மஞ்சளாகிச் செத்துவிட்டது.

இந்த இடத்தில் முத்துராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இளையவர். ரப்பர் ஸ்டோரில் பாலுக்கு அசிட் ஊற்றுகிறவர் அவர்தான். அசிட் முத்துராசு என்றால் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தெரியும். மழை நாளில் மரத்தில் வடிகிற தண்ணீர் பாலோடு கலந்து பால் நீர்த்துவிடும். நீர்த்த பால் லேசில் உறையாது. அன்றைக்கு அசிட் கொஞ்சம் கூட ஊற்ற வேண்டும். அந்தக் 'கொஞ்சம் கூட' எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே சொல்லுவார். எத்தனையோ மழை நாட்களில் ஸ்டோரின் மானத்தைக் காப்பாற்றிய கை அது. பாசி யூனிட்டில் அந்தக் கைக்கு வேலை இல்லை. தொட்டி கலக்குவார், பிறகு ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காலையில் நான் வாசலுக்கு வரும்போதே அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, ஓடியாங்க! ஒறைஞ்சிருச்சு!"

நொண்டிக்கொண்டே ஓடினேன். முத்துராசுவின் முகம் தீபாவளி மாதிரி இருந்தது. பெரிய தொட்டியில் தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் பழுப்புப் பச்சையாகக் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஸ்டோர் மூலையில் மிச்சமிருந்த அசிட் கேன் பக்கத்தில் காலியாக இருந்தது.

"என்னா முத்துராசு செஞ்சே?"

"தண்ணியாப் போயிருந்திச்சுல்ல அக்கா. மழப் பாலுக்கு ஊத்துற மாதிரி ஊத்துனேன். ஊத்துனதும் பாருங்க, சோடாப் போத்தல ஒடச்ச மாதிரிப் பொங்குச்சு. அப்புறம் சும்மா கும்முனு கீழ எறங்கிருச்சு. இனி துணியில வடிக்கிற வேலையே இல்ல, அள்ளிக்கலாம்!"

காரத்தில் வாழ்கிற உயிருக்கு அசிட் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சின்னத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மிச்சத்தைப் பாரபட்சமில்லாமல் அதிலும் ஊற்றியிருந்தார்.

மிஸ் வந்தார். நாங்கள் எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். அதற்குள் முத்துராசுவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சாயம் போன துணி மாதிரி நின்றார்.

"முத்துராசு, என்ன பாத்தீங்க?"

அவர் சொன்னார். எந்த இடத்தில் ஊற்றியபோது முதலில் பொங்கியது, நுரை வெள்ளையாக வந்து எப்படிப் பழுப்பானது, பச்சை எப்படிக் கோடு கோடாகப் பிரிந்து இறங்கியது, கடைசியில் என்ன வாசனை வந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"நல்லாப் பாத்திருக்கீங்க" என்றார் மிஸ். பிறகு கட்டடத்துக்குப் பின்னால் போய்க் குழாயில் முகம் கழுவினார். அவர் முகம் கழுவ அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து விஷயத்தை மறைக்காமல் சொன்னார். கொழும்பில் கேட்டால் புதிய வித்து ஒரு போத்தல் தருவார்கள். ஒரு போத்தல் பெருகித் தொட்டி பச்சையாக மாதக் கணக்கில் ஆகும். வருகிறவர்கள் அடுத்த கிழமையே வருகிறார்கள். "அனே, நான் இனி என்ன காட்டுறது?" என்றார்.

பவளம்தான் வாயைத் திறந்தாள். முத்துராசுவின் மனைவி, தட்டுக் காய வைக்கும் பகுதியில் வேலை.

"மிஸ், எங்க வூட்டுல கொஞ்சம் இருக்கு."

"என்ன இருக்கு?"

"இதான் மிஸ். பச்ச."

எனக்குச் சுருக்கென்றது. யூனிட்டிலிருந்து ஒரு சொட்டுப் பாசியும் வெளியே போகக் கூடாது என்று கம்பெனி பலகை எழுதி மாட்டியிருந்தது. போனால் வேலையும் போகும். வேறு யாராவது வித்தைத் திருடி வளர்த்துவிடுவார்கள் என்று பயம். மாலையில் வாசலில் நின்று எல்லோருடைய பையையும் சோற்றுப் பெட்டியையும் திறந்து பார்ப்பது என் பொறுப்பு. அதை நான் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிடி கொண்டு போனே?" என்று கேட்டேன்.

பவளம் தலையிலிருந்த துணியைத் தொட்டுக் காட்டினாள். வடிக்கிற இடத்தில் அதை நனைத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய், வீட்டில் பிழிந்திருக்கிறாள். எங்கள் ஊர் மழையில் ஈரத் துணியை யார் சந்தேகப்படுவார்கள்?

"திருடலைங்க மிஸ்" என்றாள். "தயிருக்கு ஒற வாங்குற மாதிரிதான். பக்கத்து வூட்டுல ஒரு கரண்டி வாங்குனா அவங்க தயிரு கொறையுமா? அத மாதிரித்தான் நெனச்சேன்."

மிஸ் அதற்கு, "என்ன நிறம்?" என்றுதான் கேட்டார்.

"கரும்பச்ச மிஸ். கைய விட்டா வெரல் தெரியாது."

மிஸ் குடையைக்கூட எடுக்கவில்லை. லயத்துக்கு நடந்தார், நாங்கள் பின்னாலேயே போனோம். பவளத்தின் குசினிக்குப் பின்னால், மழைத் துளி விழாத தகட்டுச் சார்ப்பின் கீழ் ஒரு பெரிய நீலப் பேசின், மேலே பழைய நுளம்பு வலை. வலையைத் தூக்கினாள். அப்படி ஒரு பச்சையை நான் எங்கள் தொட்டியிலேயே பார்த்ததில்லை. சுற்றிலும் கோழிகள் நின்றன. அதுகளுக்குத்தான் இதைக் கொடுத்து வந்திருக்கிறாள். அவள் வீட்டு முட்டையின் மஞ்சள் கரு ஏன் அவ்வளவு சிவப்பு என்று லயமே பேசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த முட்டைக்கு மிஸ்ஸும் ஒரு வாடிக்கைக்காரர்.

யூனிட்டுக்குத் திரும்பி மிஸ் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தபோது வாசலில் ஒரு சத்தம். மற்றப் பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி கையில் ஊறுகாய்ப் போத்தல். ஒருத்தி கையில் மூடி போட்ட வாளி. இன்னொருத்தி குளிர்பானப் போத்தல்களைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டியிருந்தாள். எல்லாவற்றிலும் பச்சை. ஒருத்தி முகத்துக்குப் பூச வளர்த்திருக்கிறாள், ஒருத்தி மிளகாய்ச் செடிக்கு ஊற்ற. ஊறுகாய்ப் போத்தல்காரி எதற்கு என்று கேட்டதற்கு, "சன்னல்ல வச்சுப் பாக்க நல்லா இருந்திச்சுங்க" என்றாள்.

அப்போதுதான் சலீம் நானா அந்த மாதம் என்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. "ஒங்கட லயத்துல தெனமும் அப்பமா சுடுறாங்க? அப்பச்சோடா வந்த கையோட முடிஞ்சு போகுதே!" என்றார். மழைக்கு அப்பம் சுட்டுத் தின்கிறார்கள், எனக்கு ஒன்று கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்று மனத்தாங்கலோடு வீட்டுக்கு வந்திருந்தேன். தொட்டிக்கு நான் சோடா கரைப்பதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுப் பேசினுக்கு இவர்கள் அப்பச்சோடா கரைத்திருக்கிறார்கள்.

மிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் நுளம்புப் புழு, ஒன்றில் வேறு பாசி கலந்திருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டார். மற்றதெல்லாம் நல்ல வித்து. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சரோஜா, உங்கடது எங்க?"

"நான் எடுக்கல மிஸ்" என்றேன். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

மிஸ் என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. "அப்ப இந்த யூனிட்ட காப்பாத்தாத ஒரே ஆள் நீங்கதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முத்துராசுகூடச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. இத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கு ஒரு வார்த்தை இல்லை. என்னை என்ன, கம்பெனி வாசலில் கட்டின நாய் என்றா நினைத்தார்கள்?

சின்னத் தொட்டியை முத்துராசுவே தேய்த்துக் கழுவினார், வேறு யாரையும் தொட விடவில்லை. புதுத் தண்ணீரில் சோடாவும் உப்பும் கரைத்து எல்லோருடைய பச்சையையும் ஊற்றினோம். மழையும் கொஞ்சம் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது. கொழும்புக்காரர்கள் வந்த அன்று சாசரை மிஸ் அவர்களிடமே கொடுத்து இறக்கச் சொன்னார். பாதியிலேயே பச்சைக்குள் மறைந்தது. இந்த மழையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். பெரிய தொட்டி செத்த கதையை மிஸ் மறைக்காமல் சொல்லிவிட்டு, "வித்து இவங்க வீடுகளில இருந்து வந்தது" என்று பெண்களைக் காட்டினார். கேட்டவருக்கு அந்தக் கதை சவர்க்காரத்தைவிடப் பிடித்துவிட்டது. ஓடர் கிடைத்தது. பாசி வெளியே போகக் கூடாது என்ற அந்தப் பலகையை மிஸ்ஸே கழற்றி உள்ளே கொண்டு போனார்.

அன்றைக்கு வேலை விட்டுப் போகும்போது பவளத்தை வழியில் நிறுத்தினேன். மனதில் வைத்துக்கொண்டு தூங்கும் ஆள் இல்லை நான்.

"ஏன்டி, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏன் மறைச்சீங்க? நான் கோள் சொல்லுவேன்னு நெனச்சீங்களா?"

"ஐயோ அக்கா, அதுக்கில்ல" என்றாள். "தெரிஞ்சிருந்தா, கேக்குற அன்னைக்கு நீங்க பொய் சொல்லணும். ஒங்களுக்குப் பொய் வராது, மாட்டிக்குவீங்க. எங்களப் புடிச்சா மலைக்கு அனுப்புவாங்க, போயி பால் வெட்டிட்டு வந்துருவோம். ஒங்கள அனுப்புனா அந்தக் கால வச்சுக்கிட்டு எங்க போவீங்க? அதான் நாங்க எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம், அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

நான் அவள் பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போனேன். பவளம் ஒரு பால்மா டின்னைக் கழுவி, பேசினில் மறுபடி கட்டியிருந்த பச்சையை மொண்டு நிரப்பி என்னிடம் நீட்டினாள். மூடியைக் கேட்காமல், சிந்தச் சிந்த, லயத்தில் எல்லோரும் பார்க்க, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.